அறுவைக்கு முன்பே வலியைச் சொல்லப் பழகுதல்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் நடத்திய ஓர் ஆய்வு 1964ஆம் ஆண்டு வெளியானது. வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 97 நோயாளிகளில் ஒரு பிரிவினரிடம் மட்டும், கண்விழித்தபின் எங்கே வலிக்கும், எவ்வளவு கடுமையாக இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும், தசைகளைத் தளர்த்தி அதை எப்படிக் குறைத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாவிட்டால் மருந்து கேட்கலாம் என்பதையெல்லாம் முந்தைய இரவே மயக்கவியல் மருத்துவர் விளக்கினார். அந்தப் பிரிவினருக்கு அறுவைக்குப் பின் ஏறத்தாழப் பாதியளவு மார்ஃபின் வகை வலிமருந்தே தேவைப்பட்டது. அவர்கள் சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பவும் செய்தார்கள். விளக்கம் பெற்றவர் எவர் என்பது அவர்களை வீட்டுக்கு அனுப்பிய அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது என்பதால், இந்த முடிவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பேச்சால் வலி குறைவதற்கு உடலியல் காரணம் உண்டு. காயத்திலிருந்து புறப்படும் நரம்புச் செய்தி தண்டுவடத்தில் வலுப்பெறவோ மட்டுப்படவோ முடியும் என்று வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்தனர். மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புப் பாதைகளும் அந்தச் செய்தியைக் கூட்டிக் குறைக்கின்றன. என்ன நடக்கிறது என்று புரியாத அச்சம் அதைக் கூட்டும் பக்கமே நிற்கிறது.

முதியவர்களிடம் இதற்குமேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வயதானால் வலி உணர்வு மங்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். லேசான வலியை உணரத் தொடங்கும் எல்லை வயதோடு சற்று உயர்வது உண்மைதான். கடும் வலியைத் தாங்கும் எல்லை அப்படி உயர்வதில்லை. ஆனாலும் முதியவர்கள் வாய் திறப்பதில்லை. அறுவை என்றால் வலிக்கத்தான் செய்யும் என்ற எண்ணம், செவிலியருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற தயக்கம், மருந்துக்கு அடிமையாகிவிடுவோமோ என்ற பயம், வலியைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்ற கணக்கு ஆகிய எல்லாம் சேர்ந்து வாயடைக்கின்றன.

பொறுமை என்று நாம் பாராட்டும் இந்த மௌனம் உடலைக் கெடுக்கிறது. வயிற்றிலோ மார்பிலோ தையல் போட்டவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்காமலும் இருமாமலும் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காமல் கிடந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையலாம். நியூயார்க் மருத்துவமனைகளில் இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட 541 பேரைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வு, வலிமருந்து மிகக் குறைவாகப் பெற்றவர்களுக்கே டெலிரியம் எனப்படும் திடீர்ச் சித்தக் குழப்பம் அதிகம் வந்ததாகக் காட்டியது. முதியவருக்கு மார்ஃபின் கொடுத்தால் புத்தி தடுமாறும் என்று அஞ்சி அளவுக்கு மீறிக் குறைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே சொல்லும் முறையை முன்கூட்டியே கற்பிக்க வேண்டும். மயக்கம் தெளியாமல், காது கேட்கும் கருவியும் கண்ணாடியும் கழற்றப்பட்டிருக்கும் வேளையில், வலியே இல்லையென்றால் பூஜ்யம், மிகக் கடுமையென்றால் பத்து என்று வைத்து உங்கள் வலிக்கு ஓர் எண் சொல்லுங்கள் என்றால் எவருக்கும் குழப்பம்தான். அந்த அளவுகோலை முந்தைய நாளே காட்டி, பழைய மூட்டுவலிக்கோ பல்வலிக்கோ எத்தனை மதிப்பெண் தருவார் என்று கேட்டுப் பழக்கலாம். எண் பிடிபடாதவர்களுக்கு ‘வலி இல்லை, லேசானது, நடுத்தரம், கடுமை’ என்ற சொற்களே போதும். முதியவர்களில் பலருக்கு இதுவே இயல்பாக வருகிறது. படுத்திருக்கும்போதும் இருமும்போதும் வலியைத் தனித்தனியே சொல்லச் செய்ய வேண்டும், ஏனெனில் அசைவில் எழும் வலியே நடப்பதைத் தடுக்கிறது. எரிகிறதா, ஷாக் அடிப்பதுபோல் தெறிக்கிறதா, பிசைகிறதா என்பதும் மருத்துவருக்குத் தேவையான செய்தி: முதல் இரண்டும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும், கடைசியானது குடலின் இறுக்கமாக இருக்கலாம் என்றும் உணர்த்துகின்றன. வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திராமல், ஏறத் தொடங்கும்போதே கேட்பது நல்லது என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

கேட்பவருக்கும் இதில் பாடம் உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறையைச் சேர்ந்த டெபோரா மெக்டொனால்ட், மூட்டுத் தேய்வு கொண்ட முதியவர்களிடம் கேள்வியின் வடிவத்தை மாற்றிப் பார்த்தபோது, ‘உங்கள் வலியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று திறந்தவாறு கேட்பதே அதிகத் தகவலைத் தந்தது. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற நலவிசாரிப்புக்கு நாகரிகமான பதில் ஒன்றுதான்: நன்றாக இருக்கிறேன்.

மறதிநோய் முற்றியவர்களால் இவற்றைக் கற்க இயலாது. அவர்களுடைய மூச்சின் போக்கு, முனகல், முகச்சுளிப்பு, உடலின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பிடும் முறை ஒன்று 2003 முதல் வழக்கில் இருக்கிறது. வீட்டில் வலித்தால் அவர் என்ன செய்வார், உணவை ஒதுக்குவாரா, கையைத் தட்டிவிடுவாரா என்பதை அறுவைக்கு முன்பே மகளோ மகனோ செவிலியரிடம் சொல்லி, அதை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதவைப்பது அந்த மதிப்பீட்டை இன்னும் துல்லியமாக்கும்.