மரபணுப் பிறழ்வா, மரபணு வேறுபாடா?

இரைப்பைப் புற்றுநோய் பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் "மரபணுப் பிறழ்வு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்" என்றொரு வரி இருக்கிறது. காணொளியில் பேசும் மருத்துவர்களும் இப்போது அதையே சொல்கிறார்கள். அவர்கள் படித்து வந்த ஆங்கிலச் சொல் 'வேரியன்ட்': மரபணுவின் எழுத்துவரிசையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேற்றுமை. அதற்குப் பிறழ்வு எங்கிருந்து வந்தது?

சொற்பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். வேரியன்ட்டின் லத்தீன் வேருக்குப் பலவிதமான, பலநிறமான என்று பொருள். பிறழ்வு என்று வழக்கமாகப் பெயர்க்கப்படும் 'மியூட்டேஷன்' மாற்றுதலைக் குறிக்கும் வேறொரு வினையிலிருந்து வந்தது. 1901-இல் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் எழுதிய பிறகு உயிரியலில் நிலைத்துவிட்டது. வேரியன்ட் இருப்பதைச் சொல்கிறது. மியூட்டேஷன் நடந்ததைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

பிறழ்தல் ஒரு காலத்தில் அழகான வினை. சங்கப் பாட்டில் வாளைமீன் பிறழும். நீரில் புரண்டு மின்னும். இன்று அந்த வாழ்வு அதற்கு இல்லை. நாக்குப் பிறழ்ந்தால் வாக்குத் தவறிவிட்டது. ஒழுக்கம் பிறழ்ந்தால் ஊர் பேசும். நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி என்றால் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னவர். இத்தனை பழியையும் சுமக்கிற சொல்லை, ஒருவர் கருவிலேயே பெற்றுவந்த ஓரெழுத்து வேற்றுமையின் தலையில் ஏன் வைக்க வேண்டும்?

அதுவும் எல்லா வேற்றுமையும் கெடுதல் இல்லை. 2000-இல் வந்த ஆய்வு ஒன்று, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா புரதத்துக்கான மரபணுவின் சில வடிவங்கள் உள்ளவர்களுக்கு, இரைப்பையில் குடியேறும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியா தொற்றினால் இரைப்பைப் புற்றுக்கான ஆபத்து கூடுகிறது என்றது. பிறகு ஆசியாவில் நடந்த பல ஆய்வுகளில் அந்தத் தொடர்பு சரியாகப் பிடிபடவில்லை. அது கிடக்கட்டும். அந்த வடிவங்கள் உலகில் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கின்றன. தெருவில் பாதிப் பேரிடம் இருப்பதைப் பிறழ்வு என்றால், பிறழாதவர் யார்? அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையில் மியூட்டேஷன் என்ற சொல்லையே ஒதுக்கிவைத்துவிட்டு, வேரியன்ட் என்று சொல்லி அது நோய் விளைப்பதா, தீங்கற்றதா என்று அடைமொழி சேர்க்கச் சொன்னார்கள். சொல்லில் பழி ஏறக்கூடாது என்று அவர்கள் இறக்கிவைத்ததை நம் மொழிபெயர்ப்பாளர்கள் தூக்கி மறுபடி ஏற்றுகிறார்கள்.

சரி, பாடநூல் சொல்லான 'சடுதிமாற்றம்' இருக்கிறதே என்பார்கள். அதுவும் எல்லா இடத்திலும் பொருந்தாது. நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக, பலர் இளவயதிலேயே, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்கள். 1998-இல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபர்டும் உடன் உழைத்தவர்களும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: சிடிஎச்1 மரபணுவில் ஒரு வேறுபாடு. செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஈ-கேதரின் புரதத்தைச் செய்வது இந்த மரபணு. அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறப்பிலேயே பழுது. இரைப்பையின் ஏதோ ஒரு செல்லில் மறுபிரதியும் செயலிழந்தால் செல்கள் பிடிவிட்டுச் சுவருக்குள் சிதறிப் பரவுகின்றன. பின்னாளில் ஒரு செல்லுக்குள் புதிதாக விழும் எழுத்துப்பிழையைச் சடுதிமாற்றம் என்று சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கும் வந்ததில் என்ன சடுதி?

கொரோனா காலத்தில் ஊன்றிய 'திரிபு' இன்னொரு போட்டியாளர். இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று படித்தவர்களுக்கு அது உறுத்தாது. ஆனால் வீட்டில் திரிவது பால். ஐயந்திரிபற என்னும்போதும் திரிபு குற்றம்தான். கிருமிக்கு வைத்த பெயரை மனிதருக்கும் வைப்பானேன்? இலங்கைப் பாடநூல்களின் 'விகாரம்' இலக்கணப்படி பழுதற்றது. அதை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள். 'மாறுபாடு' பரவாயில்லை. ஆனாலும் ஏதோ ஒரு சரியான நிலையிலிருந்து மாறியதாக ஒரு சாயல் அதில் ஒட்டியிருக்கிறது.

'வேறுபாடு' போதும். அதில் பழியும் இல்லை, நாளும் நேரமும் இல்லை. சுவடி ஒப்பிட்ட உ.வே.சாமிநாதையர் அடிக்குறிப்பில் பிரதிபேதம் என்று கொடுத்தாரே, அதே கருத்துதான். ஓரேட்டில் ஓரெழுத்து வேறாக இருந்தால் அவர் அதைக் குறித்துவைத்தார். எது நல்ல பாடம் என்பது பிறகு ஆராய வேண்டியது. ஆகவே மரபணு வேறுபாடு. அதில் நோய் விளைக்கும் வேறுபாடு, தீங்கற்ற வேறுபாடு, பொருள் தெளியாத வேறுபாடு. கடைசியாகச் சொன்னதை 'நிலையற்ற பிறழ்வு' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். இன்னும் விளங்கவில்லை என்று ஆய்வகம் சொன்னதைப் படித்த மனுஷன், உடம்புக்குள் ஏதோ ஆடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கமாட்டாரா?

இதே ஆட்கள்தான் 'பரம்பரைப் புற்றுநோய்' என்றும் 'புற்றுநோய் வாய்ப்பு' என்றும் எழுதுகிறார்கள். வாய்ப்பு சினிமாவில் கிடைப்பது. பரம்பரையாக வருவது நோயும் அல்ல. நோய்க்கு உடம்பு இடங்கொடுக்கும் தன்மை. 2023-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. டிஎன்ஏ பழுதைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம், பிஏஎல்பி2 மரபணுக்களில் நோய் விளைக்கும் வேறுபாடும் பைலோரித் தொற்றும் சேர்ந்திருந்தால் 85 வயதுக்குள் இரைப்பைப் புற்று வரும் ஆபத்து 45.5 சதவீதம், தொற்று மட்டும் இருந்தால் 14.4. வேறுபாடு இருந்தும் தொற்று இல்லாதவர்களுக்கு ஆபத்து 5 சதவீதத்துக்கும் கீழே. தொற்றை மருந்து கொடுத்து நீக்கலாம். 'பரம்பரைப் புற்றுநோய்' என்று படித்தவருக்கு அந்த மருந்தைக் கேட்கத் தோன்றுமா?