லாக் பதிவு: தமிழில் அமைவிடப் பதிவு

இணையதளப் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஐபி முகவரியை, அதாவது கணினியின் எண் முகவரியை, தருவதுதான் இணையத்தின் பெயர் அமைப்பான டிஎன்எஸ்ஸின் அன்றாட வேலை. ஒரு சர்வரோ ரௌட்டரோ பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அதிலேயே அறிவித்து வைக்கலாம். அதற்கென உள்ள பதிவு வகையே லாக் (LOC). ‘லொகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் அவை. இடத்தைக் குறிக்கும் ‘லோகஸ்’ என்ற லத்தீன் சொல்லில் வேர்கொண்டவை.

1994இல் ஆர்எஃப்சி 1712 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதே நோக்கத்துக்கு ஜிபாஸ் என்ற பதிவை முன்வைத்தது. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றே இருந்தன. 1996 ஜனவரியில் ஆர்எஃப்சி 1876 வழியாக வந்த லாக், பொருளின் அளவையும் (அதை உள்ளடக்கும் கோளத்தின் விட்டம்), சொல்லும் இடம் எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டது. என் பார்வையில் அதன் உண்மையான முன்னேற்றம் இந்தப் பிசகு அளவுதான்.

அந்த ஆவணத்தின் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்க்கலாம்: வடக்கே 42 பாகை (டிகிரி) 21 கலை (நிமிடம்) 54 விகலை (நொடி), மேற்கே 71 பாகை 6 கலை 18 விகலை, உயரம் -24 மீட்டர், அளவு 30 மீட்டர். உள்ளே இது 16 பைட்டுகளில் அடங்கிவிடுகிறது. கோணங்கள் விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சேமிக்கப்படுகின்றன. அட்சரேகையில் அது தரையில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஆனால் கிடைமட்டப் பிசகை நாம் குறிப்பிடாவிட்டால் 10,000 மீட்டர் என்றே கொள்ளப்படும். ஓர் அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் பரப்பை மனத்தில் வைத்து அப்படி அமைத்தார்கள்.

தமிழில் ‘லாக்’ என்று எழுதினால் பூட்டா, நிகழ்வுக் குறிப்பா என்ற குழப்பம் வரும். ‘முகவரி’ ஏற்கெனவே ஐபிக்குப் போய்விட்டது. ‘இருப்பிடம்’ என்றால் மனிதர் குடியிருக்கும் இடம் என்ற தொனி வருகிறது. ஒரு பொருள் நிலைபெற்றிருக்கும் இடத்தை ‘அமைவிடம்’ சரியாகச் சுட்டுகிறது. ஆகவே ‘அமைவிடப் பதிவு’ என்பதே பொருத்தம்.

இதற்கு வேறொரு பெயரும் வந்திருக்கக்கூடும். இணையத்தின் தொடக்க கால வழக்கில் ஒருவருடைய அட்சரேகை, தீர்க்கரேகைகளை ‘ஐசிபிஎம் முகவரி’ என்பார்கள். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைக் குறிக்கும் சுருக்கம் அது. தாக்க நினைப்பவர்களுக்கு யோசனை சொல்வதுபோல் ஆகிவிடக்கூடாது என்று அந்தப் பெயரைத் தவிர்த்ததாக ஆர்எஃப்சி 1876 தன் பாதுகாப்புப் பகுதியில் குறிப்பிடுகிறது.

அந்த அச்சம் நியாயமானது. அமைவிடப் பதிவை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். அதில் இருப்பது உரிமையாளர் சொன்ன இடம் மட்டுமே; சரிதானா என்று டிஎன்எஸ் பார்ப்பதில்லை. கருவியை வேறு இடத்துக்கு மாற்றினால் பதிவையும் நாமே திருத்த வேண்டும். ஊர் அளவில் தெரிந்தால் போதும் என்னும் கருவிக்கு, பிசகு அளவைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது; ஆயங்களையே, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே, ஊரின் நடுப்பகுதிக்கு மாற்றி எழுத வேண்டும்.