சொடக்கு விழும் இடம் எப்படி வந்தது?

விரலை இழுத்தால் சொடக்கு விழுகிறதே, அந்த மூட்டு கருவில் முதலில் இருப்பதே இல்லை. ஒவ்வொரு விரலுக்குள்ளும் குருத்தெலும்பாக மாறத் தொடங்கிய ஒரே கோல்தான் இருக்கும். தனித்தனி எலும்புகள் வளர்ந்து வந்து ஓரிடத்தில் சந்திப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது தலைகீழ்: ஒரு கோல் பல துண்டாகிறது.

துண்டு போடுவது யார்? மூட்டு வரவேண்டிய இடத்துச் செல்கள் குருத்தெலும்பாகும் வேலையைப் பாதியில் கைவிட்டு, தட்டையாகி, நெருக்கமாக அமைந்துகொள்கின்றன. கரும்பில் கணுதான் கெட்டி. விரலிலோ கணு இருக்கும் இடம்தான் இளகுகிறது.

அந்தச் செல்களுக்குச் சேதி சொல்பவை புரதங்கள். பிஎம்பி என்ற புரதக் குடும்பம் 'குருத்தெலும்பாகு' என்று விரட்டிக்கொண்டே இருக்கும். நாகின் என்ற இன்னொரு புரதம் அந்த பிஎம்பியைப் பிடித்துக் கட்டிப்போடும். நாகின் இல்லாத எலிக் கருக்களை 1998-இல் ஆராய்ந்தபோது, குருத்தெலும்பு தடித்து வளர்ந்திருந்தது, மூட்டுகள் உருவாகவில்லை. அப்புறம் வின்ட் புரதங்கள். 2001-இல் கோழிக் கருவில் வின்ட்-14 என்ற புரதத்தை வேண்டாத இடத்தில் சுரக்க வைத்தார்கள். அங்கேயும் மூட்டுக்கான முதல் அடையாளங்கள் தென்பட்டன!

குழப்புவது ஜிடிஎஃப்-5 என்ற புரதம்தான். மூட்டு வரப்போகும் இடத்தில் பட்டை போட்டதுபோல் இது சுரக்கும். 1994-இல் குட்டைக்கால் எலிகளிடம் பழுதாகியிருந்தது இதன் மரபணுதான் என்று தெரிந்தது. அந்த எலிகளுக்குச் சில விரல் மூட்டுகளும் இல்லை. ஆனால் இதுவும் பிஎம்பி குடும்பத்து ஆள். பக்கத்துக் குருத்தெலும்பை வளர்த்தும் விடுகிறது. எதிரி வீட்டுப் பிள்ளை இங்கே என்ன செய்கிறது? சேதி ஒன்றுதான், கேட்கிற செல்லைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மனிதர்களிலும் நாகின் மரபணு பழுதானால் விரல் எலும்புகள் ஒட்டிப்போவதுண்டு. இது 1999-இல் உறுதியானது. ஒட்டிய இடத்தில் அவர்களால் விரலை மடக்க முடியாது. மூட்டின் மேல்தோலில் நமக்கு இருக்கும் மடிப்புக் கோடுகள்கூட அங்கே இருக்காது.

சரி, செல்கள் இளகிவிட்டால் மூட்டு தயாரா? இல்லை, நடுவில் இடைவெளி திறக்க வேண்டும். ஹயலுரோனான் என்ற வழவழப்பான பொருள் அங்கே சேர்கிறது. கூடவே தசை இழுக்க வேண்டும். கோழிக் கருவின் தசைகளை மருந்தால் செயலிழக்கச் செய்தால் இடைவெளி சரியாகத் திறக்காது, பிரியத் தொடங்கிய மூட்டே மறுபடி ஒட்டிக்கொள்ளும். மனிதக் கருவில் இந்த இடைவெளி ஏறக்குறைய எட்டாவது வாரத்தில் தோன்றத் தொடங்குகிறது. கரு அசைய ஆரம்பிப்பதும் அந்தச் சமயத்தில்தான், அம்மாவுக்கு அது தெரியவரப் பல வாரங்கள் முன்பே.