தவிட்டில் இருக்கும் பாஸ்பரஸ் ரோகு மீனுக்கு ஏன் சேர்வதில்லை?

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதியாகக் கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி, கட்லா, ரோகு வளரும் குட்டையில் தொங்கவிடுவார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம். ஆனாலும் அதையே தின்னும் மீனுக்குப் பாஸ்பரஸ் போதாமல் போகலாம். அப்போது வளர்ச்சி மந்தமாகும், எலும்பு கோணும், உடம்பில் கொழுப்புதான் ஏறும். கால்சியத்தையாவது மீன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்குத் தீவனம்தான் கதி.

விதைக்குள் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டிக் அமிலமாக இருக்கிறது. செடி தன் முளைக்காகச் சேர்த்து வைத்த இருப்பு அது. ஆறு கார்பன் வளையம், ஒவ்வொரு கார்பனிலும் ஒரு பாஸ்பேட். முளைக்கும்போது பைட்டேஸ் என்ற நொதி அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றும். மீன் குடலில் அந்த நொதி கிட்டத்தட்ட இல்லை என்பதால் பாஸ்பரஸ் அப்படியே கழிவோடு வெளியேறுகிறது, அதுவும் சும்மா போகாமல் துத்தநாகத்தையும் இரும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகிறது, அப்புறம் குட்டையில் பாசிக்கு உரமாகிறது.

சரி, நொதியை நாமே தீவனத்தில் கலந்தால்? 1991இல் நெதர்லாந்தில் பன்றி, கோழித் தீவனத்துக்காக இப்படித்தான் பைட்டேஸ் விற்பனைக்கு வந்தது. மீன் தீவனத்தில் பொதுவாகக் கிலோவுக்கு 500 முதல் 1000 அலகு (நொதியின் வீரியத்தை அளக்கும் கணக்கு) வரை சேர்க்கிறார்கள்.

ஆனால் ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்களுக்கு வயிறே கிடையாது! தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அங்கே அமிலம் இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையிலிருந்து எடுக்கும் பைட்டேஸோ அமிலச் சூழலில், அதாவது பிஎச் 2.5, 5.5 அளவுகளில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். வயிறு உள்ள திலாப்பியாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மீன்தூளில் உள்ள எலும்பைக்கூட அமிலம் இல்லாத கெண்டையால் சரியாகக் கரைக்க முடிவதில்லை. அதனால்தான் மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் ரோகு குஞ்சுகளுக்கு பைட்டேஸோடு சிட்ரிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது பலன் கூடியது. இந்த மீனின் உடலமைப்பைப் புரிந்துகொண்டு செய்த வேலை என்பதாலேயே எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

பைட்டேஸ் வாங்குகிறவர்கள் சூட்டைக் கவனியுங்கள். நொதியும் ஒரு புரதம்தான், கொதிக்கும் தீவனத்தில் போட்டால் கெட்டுவிடும். ஆலைகளில் குருணை ஆறிய பிறகு மேலே தெளிப்பது இதனால்தான். வீட்டிலேயே தீவனம் கலப்பவர்கள் வெதுவெதுப்பான நீரில் நொதியைக் கரைத்து, தவிட்டிலும் புண்ணாக்கிலும் பிசைந்து சில மணி நேரம் ஊறவிட்டால், சாக்கில் கட்டும் முன்பே பாஸ்பேட் பிரியத் தொடங்கியிருக்கும்.