மட்டையைச் சுழற்றாமலே முதல் பேஸ்: பேஸ்பாலில் ‘வாக்’ எப்படிக் கிடைக்கிறது?

பிட்சர் வீசும் பந்து ஸ்ட்ரைக் எல்லைக்கு (பேட்டருக்கு அருகே, ஹோம் பிளேட்டுக்கு மேலே உள்ள கற்பனைக் கட்டம்) வெளியே போய், பேட்டரும் மட்டையைச் சுழற்றாமல் விட்டுவிட்டால், அம்பயர் அதை ‘பால்’ என்று கணக்கில் வைப்பார். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். அதற்குள் நான்கு ‘பால்’ சேர்ந்தால் அவருக்கு முதல் பேஸ் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளில் முதலாவது) சும்மா கிடைக்கும். இதுதான் வாக். 1879இல் இதற்கு ஒன்பது ‘பால்’ வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கை 1889இல்தான் நான்கில் வந்து நின்றது. கிரிக்கெட் வைடு போல ஒவ்வொரு தப்பான பந்துக்கும் உடனே தண்டனை கிடையாது, சேர்ந்த பிறகுதான்.

பேட்டர் நிற்குமிடத்துக்கு அருகே தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். ஸ்ட்ரைக் எல்லையின் அகலமும் அதுதான். உயரம், முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள குழியிலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி வரை. பந்தின் ஓரம் எல்லையை உரசினாலே ஸ்ட்ரைக். ஆனால் தரையில் குத்தி எழும்பிய பந்து எல்லைக்குள் புகுந்தாலும், பேட்டர் மட்டையைச் சுழற்றாதவரை ‘பால்’தான்.

சும்மா நிற்பது சுலபம் என்று தோன்றும். பிட்சரின் மேட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வரும் பந்து ஏறக்குறைய 0.4 நொடியில் வந்துவிடும். மட்டையைச் சுழற்றவே அதில் ஒரு பங்கு போய்விடும். மிச்சமுள்ள கண்ணிமைப் பொழுதில், கடைசி நேரத்தில் வெளியே வளையும் ‘ஸ்லைடர்’ வகைப் பந்தை இனங்கண்டு விட்டுவிட வேண்டும். ஏமாந்து மட்டையைச் சுழற்றித் தவறவிட்டால், பந்து எங்கே போனாலும் ஸ்ட்ரைக். என்னைக் கேட்டால், வாக் வாங்குவது அடிப்பதற்குச் சற்றும் குறையாத திறமை.

பேஸ்களில் ஏற்கெனவே ஆள் இருந்தால், பின்னாலிருந்து தள்ளப்படுபவர் மட்டுமே நகர்வார். முதல் பேஸில் இருப்பவர் இரண்டாவதுக்குப் போவார். இரண்டாவதில் மட்டும் ஆள் இருந்தால் அவர் அங்கேயே நிற்பார். மூன்றும் நிறைந்திருந்தால் மூன்றாவதில் இருப்பவர் ஹோம் பிளேட்டுக்கு வர, ஒரு ரன் வந்துவிடும். நான்காவது ‘பால்’ கேட்சரைத் தாண்டி ஓடிவிட்டால் ஆட்டம் நிற்காது. பேட்டர் துணிந்து இரண்டாவது பேஸுக்கும் ஓடலாம், ஆனால் அவுட் ஆகும் ஆபத்து உண்டு.

பந்தை நொறுக்கிவிடுவார் என்று அஞ்சப்படும் சிலருக்கு வேண்டுமென்றே வாக் கொடுப்பார்கள். 2017 முதல் அமெரிக்காவின் முதன்மைத் தொடரான மேஜர் லீகில் இதற்குப் பந்தே வீச வேண்டாம், மேனேஜர் சைகை காட்டினால் போதும். 1998 மே 28 அன்று, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், மூன்று பேஸும் நிறைந்திருக்க, 8-6 என முன்னிலையில் இருந்த அரிசோனா அணி, சான் பிரான்சிஸ்கோவின் அதிரடி பேட்டர் பாரி பாண்ட்ஸுக்கு வாக் கொடுத்து ஒரு ரன்னைத் தானே விட்டது. அடுத்த பேட்டர் அவுட். அரிசோனா 8-7 என்று வென்றது.

வாக் பேட்டிங் சராசரியில் சேராது. பேஸைச் சேரும் விகிதத்தில் சேரும். நான்கு முறை ஆட வந்து ஒரு ஹிட் (பந்தை அடித்து பேஸைச் சேர்வது), ஒரு வாக் என்றால் சராசரி .333 (வாக் போக மூன்று முறையில் ஒரு ஹிட்), சேரும் விகிதம் .500. 2004இல் பாண்ட்ஸின் சராசரி .362, சேரும் விகிதம் .609. அந்த ஆண்டு அவர் வாங்கிய 232 ‘வாக்’களில் 120 வேண்டுமென்றே கொடுக்கப்பட்டவை.