அலமாரியில் தூங்கும் இரண்டாவது லேப்டாப்

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, அழுத்தினால் கிளிக் ஆகவில்லை என்று ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதுதான் கீழிருந்து தள்ளுகிறது. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அவர் தொழில் வீடியோ எடிட்டிங். வீட்டில் பெரிய டெஸ்க்டாப், வெளியே போனால் டேப்லெட். "வெளியூரில் இருக்கும்போது அவசர வேலை வந்தால்?" என்ற பயத்தில் தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கியிருக்கிறார். எடை இரண்டரைக் கிலோ, சார்ஜர் தனி. இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனதோடு சரி. அப்புறம் மேசை ஓரத்தில், சார்ஜரில் சொருகியபடியே கிடந்திருக்கிறது. முழு சார்ஜிலேயே மாதக்கணக்கில் வைத்து, கூடவே சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி இப்படித்தான் உப்பும்.

கணினி பழுதுபார்க்கும் என் வேலையில், டெஸ்க்டாப்புக்குத் துணையாக இரண்டாவதாக வாங்கிய லேப்டாப்புகளில், உழைத்துத் தேய்ந்தவற்றைவிடச் சும்மா கிடந்து கெட்டவற்றைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஏற்கெனவே டெஸ்க்டாப் செய்கிற வேலையையே இன்னொரு முறை செய்வதற்காக வாங்கப்பட்டவை அவை.

அதனால், டெஸ்க்டாப்பும் டேப்லெட்டும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு தாளைப் பக்கத்தில் வையுங்கள். டேப்லெட்டில் ஒரு வேலையைத் தொடங்கி, 'சே, இதை டெஸ்க்டாப்பில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்ட ஒவ்வொரு முறையும் அது என்ன வேலை என்று எழுதுங்கள்.

பெரும்பாலும் சாதாரணமான பட்டியல்தான் வரும். நீளமாக டைப் செய்வது. இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. மேக்ரோ, அதாவது தானாக வேலை செய்யும் கட்டளைகள், போட்ட எக்செல் கோப்பு (டேப்லெட்டுக்கான எக்செலில் மேக்ரோ ஓடாது). டேப்லெட்டில் பாதியில் நின்றுவிடும் ஏதோ ஓர் இணையப் படிவம். பென் டிரைவ் மாதிரி இருக்கும் யூஎஸ்பி டோக்கனைச் சொருகி டிஜிட்டல் கையொப்பமிடுவது. இதில் எதற்கும் பெரிய பிராசசர் தேவையில்லை.

பட்டியலில் டைப்பிங் மட்டும்தான் இருக்கிறதா? டேப்லெட்டுக்கு ஒரு நல்ல கீபோர்டு வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். 'கோப்பு டெஸ்க்டாப்பில் மாட்டிக்கொண்டது' என்பதே திரும்பத் திரும்ப வருகிறதா? தூரத்திலிருந்தே டெஸ்க்டாப்பை இயக்கும் வசதி போதும். விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கணினிக்குள் மைக்ரோசாஃப்ட்டின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய முடியாது, அதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. டெஸ்க்டாப் ஸ்லீப்புக்குப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டும் தாண்டி மீதி இருந்தால் லேப்டாப் பார்க்கலாம். நான் முதலில் பார்ப்பது கீபோர்டு. கடையில் நின்றபடியே ஒரு பத்தி டைப் செய்து பாருங்கள், விற்பவர் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டாம். அடுத்து எடை. 13 அல்லது 14 அங்குலத் திரை, ஒன்றேகால் கிலோவை ஒட்டி இருந்தால் பை கனக்காது. திரை 16:10 விகிதத்தில் இருப்பது நல்லது. 1920×1080க்குப் பதில் 1920×1200 என்றால் எக்செலில் கூடுதலாகச் சில வரிசைகள் கண்ணில் படும். வெளிச்சம் 250 நிட்ஸ் என்று போட்டிருந்தால் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்வது கஷ்டம்.

மெல்லிய லேப்டாப்புகளில் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து 8 ஜிபி வாங்கிவிட்டு வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. 16 ஜிபியாகவே வாங்குங்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 256 ஜிபி போதும், கோப்புகளின் வீடு டெஸ்க்டாப்தானே. ஆனால் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற மெதுவான 64 ஜிபி சேமிப்பகத்தில் விண்டோஸ் போட்டு விற்கும் மலிவு ரகங்கள் பக்கம் போகவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுக்கே அதில் இடம் போதாமல் போகும்.

பிராசசர் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7540யு இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். மூன்றாவது இலக்கம்தான் விஷயம், சில்லின் வடிவமைப்புத் தலைமுறையைச் சொல்வது அதுதான். முதலாவது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, மற்றது அதைவிடப் புதிய ஜென் 4.

இன்டெல், ரைசனிலிருந்து மாறுபட்ட வகையான, ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் சில்லு உள்ள விண்டோஸ் லேப்டாப்புகளில் பேட்டரி நன்றாக நிற்கும். பழைய மென்பொருள்கள் பலவற்றையும் விண்டோஸே அந்தச் சில்லுக்கேற்ப மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஸ்கேனர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்கள் அப்படி ஓடாது. உங்கள் தாளில் யூஎஸ்பி டோக்கனோ பழைய ஸ்கேனரோ இருந்தால், அதற்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பணத்தை எடுங்கள். எல்லா வேலையும் பிரவுசரிலேயே முடிகிறவர்களுக்கு, விண்டோஸுக்குப் பதில் கூகுளின் இயங்குதளம் உள்ள குரோம்புக் சரியாக இருக்கும். ஆனால் அதன் அப்டேட் முடியும் தேதி நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் வெளியான நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது.

யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகிறதா என்று கேளுங்கள். 65 வாட் சார்ஜர் ஒன்று டேப்லெட்டுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து ஆகும். டேப்லெட்டின் 20 வாட் சார்ஜரை லேப்டாப்பில் சொருகினால் பெரும்பாலும் ஏறாது, ஏறினாலும் நத்தை வேகம். துளை ஒரே மாதிரி இருப்பதால் எல்லா யூஎஸ்பி-சியும் சார்ஜ் ஏற்றும், மானிட்டருக்குப் படம் அனுப்பும் என்று அர்த்தமில்லை.

இரண்டாவது லேப்டாப்புக்கு, அலுவலகங்களுக்காகத் தயாரான பழைய மாடல்களைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன். கீபோர்டு நன்றாக இருக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம், விண்டோஸ் 11 அதற்கு முந்தையவற்றை, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, ஏற்காது. விண்டோஸே தரும் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லி, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போதையதையும் ஒப்பிடுங்கள். முக்கியமாக, உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, செட்டப் முடியும்வரை ஓட்டச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் லாகின் திரை வந்தால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் நிர்வாகக் கணக்கில்தான் இருக்கிறது. அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். நீண்ட நாள் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வைக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து அப்டேட் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவசரத்துக்கு எடுக்கும் அன்றுதான் அது அப்டேட்டில் உட்கார்ந்துகொள்ளும். புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் பல உள்ளே இருப்பதைச் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தாமாகவே வட்டைக் குறியாக்கம் செய்துவிடுகின்றன. எங்காவது மறந்து வைத்துவிட வாய்ப்புள்ள லேப்டாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் பழுதுபார்த்த பிறகு லேப்டாப் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்போது வாடிக்கையாளர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அது என்னிடம் இருக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி இன்றே எழுதி வையுங்கள். மூன்று கருவிகளிலும் கோப்புகள் ஒத்திசைகின்றன என்பதால் பேக்கப் இருப்பதாக நினைக்க வேண்டாம், ஒன்றில் அழித்தால் மூன்றிலும் போய்விடும்.

உப்பிய பேட்டரியோடு வந்தவர் அதைக் கையால் அழுத்தி உட்காரவைக்கப் பார்த்திருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, நேராகப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போக வேண்டும். பேட்டரியை மாற்றிக் கொடுத்து, அவரிடமும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துக் காட்டினார். நான்கு வரி. பில் டைப் செய்வது, ஒப்பந்தம் திருத்துவது, வாடிக்கையாளரின் பென் டிரைவிலிருந்து கோப்பு எடுப்பது, கணக்கு எக்செல். வீடியோ ஒரு வரியில்கூட இல்லை.