ஏ.வி.ஆர். திருகில் கை வைக்கும் முன்

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிவதற்குச் சில நாட்கள் முன்பே மண்டபத்திலும் பாம்பனிலும் ஐஸ் கம்பெனிகள் ஓடத் தொடங்கிவிடும். ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் எனக்கு அந்த நாட்களில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, கம்ப்ரஸரைப் போட்டவுடன் வோல்டேஜ் இறங்குகிறது என்பதாகவே இருக்கும். நான் போய்ச் சேருவதற்குள் யாராவது ஏ.வி.ஆர். (ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) பெட்டியின் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றி வைத்திருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சுமை ஏறும்போது ஜெனரேட்டரின் உள்ளே உண்டாகும் மின்னழுத்தத்தில் ஒரு சிறு பகுதி சுருளின் மின்தடையிலும், அதைவிடப் பெரிய பகுதி கசிவுக் காந்தப்பாயம் (ரோட்டாரைச் சென்றடையாத காந்தப்புலம்) உண்டாக்கும் மறிப்பிலும் செலவாகிறது. இவற்றைவிட முக்கியமானது, ஸ்டேட்டரில் (சுழலாத பகுதியின் சுருளில்) ஓடும் மின்னோட்டம் தானே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குவது. மின்னோட்டம் மின்னழுத்தத்திற்குப் பின்தங்கும் மோட்டார் போன்ற சுமைகளில் அந்தப் புலம், சுழலும் காந்தமான ரோட்டாரின் புலத்தை எதிர்த்து நலியச் செய்கிறது. அதனால்தான் அதே ஆம்பியரை ஹீட்டர் இழுக்கும்போது சிறிதளவே இறங்கும் மின்னழுத்தம், மோட்டார் இழுக்கும்போது வெகுவாக இறங்குகிறது. நேரடியாகத் தொடங்கும் மோட்டாரோ முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கை, அதுவும் மிகக் குறைந்த திறன்காரணியில் (மின்னோட்டம் வெகுவாகப் பின்தங்கிய நிலையில்), இழுக்கிறது.

ஏ.வி.ஆர். ரோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டி இந்த இறக்கத்தைச் சரிசெய்யும். ஆனால் புலம் வலுப்பெறச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் 415 வோல்ட் 332-க்கு இறங்கினால், மோட்டாரின் முறுக்குவிசை 64 விழுக்காடாகக் குறைந்துவிடும். திருகைத் திருப்புவது இந்த இறக்கத்தைத் தடுக்காது. கம்ப்ரஸரை அன்லோடரின் (அழுத்தத்தை விடுவிக்கும் அமைப்பின்) உதவியால் சுமையில்லாமலும், மோட்டாரை முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கும் ஸ்டார்-டெல்டா முறையிலும், பெரிய மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகவும் தொடங்குவதே வழி.

மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகும் மின்னழுத்தம் மீளவில்லையென்றால் முதலில் அதிர்வெண் மீட்டரைப் பாருங்கள். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் (ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) நிமிடத்திற்கு 1500 சுற்றில் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். டீசல் ஃபில்டர் அடைத்து எஞ்சின் தளர்ந்தால், பெரும்பாலான ஏ.வி.ஆர்.கள் காந்தச் சுருளைக் காப்பதற்காகத் தாமே மின்னழுத்தத்தைக் குறைக்கின்றன. வேகம் சரியாக இருந்தால், பழுதை ஏ.வி.ஆரிலும் ரோட்டாருக்கு மின்னோட்டம் தரும் எக்ஸைட்டரின் டையோடுகளிலும் தேட வேண்டும்.

ஒரு கம்பெனியில் இரவு கம்ப்ரஸர்கள் நின்ற பின்னும் திறன்காரணியை உயர்த்த வைத்திருந்த கெப்பாசிட்டர் பேனல் இணைப்பிலேயே இருந்தது. கெப்பாசிட்டர் இழுக்கும், மின்னழுத்தத்திற்கு முந்திச் செல்லும் மின்னோட்டம் ரோட்டாரின் புலத்தோடு சேர்ந்துகொள்ள, ஏ.வி.ஆர். எவ்வளவு குறைத்தும் அடங்காமல் மின்னழுத்தம் 460-ஐத் தொட்டது. விளக்குகளும் அலுவலகக் குளிர்பெட்டியும் கருகின. திருகும் அங்கே ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தது.

இந்தக் கரையின் உப்புக் காற்றில் ஏ.வி.ஆருக்கு மின்னழுத்தத்தை உணர்த்தும் கம்பிகளின் முனைகளில் பச்சை பூத்துவிடுகிறது. அந்த இணைப்பு அறுந்தால், அழுத்தமே இல்லையென்று கருதும் ஏ.வி.ஆர். தன் முழு வலுவையும் ரோட்டாருக்கு அனுப்பிவிடக்கூடும். எனவே இரண்டு மாத ஓய்வுக்குப் பின் முதல் நாள், ஏ.வி.ஆரைக் கழற்றிவிட்டு மெக்கரால் (காப்பை அளக்கும் கருவியால்) சுருளின் காப்பைச் சோதித்து, முனைகளைச் சுத்தம் செய்து, சரியான வேகத்தில் சுமையின்றி ஓடவிட்டு 415 இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கம்ப்ரஸரைப் போடுங்கள்.